வராத மஞ்சள் பெட்டி

இந்த நாற்காலியின் ஒரு கால் ஆடுகிறது ஐயா. ஒரு காகிதத்தை நாலாக மடித்து அடியில் வைத்தால் நின்றுவிடும். தச்சர் வந்து சரிசெய்வதெல்லாம் அப்புறம், அவர் வருகிறபோது வரட்டும். எதைப் பார்த்தாலும் எனக்கு முதலில் இப்படித்தான் தோன்றும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னை யாரும் கூப்பிட்டு அனுப்பவில்லை; நானாகத்தான் வந்திருக்கிறேன். முடிந்தால் அதை மேலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

மாவு ஆலையில் நான் கணினிக்காரன். முப்பத்தொரு கணினி, இரண்டு சர்வர், பார்த்துக்கொள்ள ஒரே ஆள். நான்கு வருஷத்துக்கு முன்னால் அங்கே நாலாம் தொட்டிக்குள் ஒருவர் இறந்தார். உங்கள் முன்னால் இருப்பது அந்த விபத்தின் விசாரணைக் கோப்புதான் என்று நினைக்கிறேன். பன்னிரண்டாம் பக்கத்தில், ‘அனுமதி அறைப் பணியாளர் திரையில் வந்த எச்சரிக்கையைப் படிக்காமல் ஆம் என்பதை அழுத்தியதே விபத்துக்குக் காரணம்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்.

அந்தப் பணியாளரை ஆலையில் எல்லோரும் பாத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். யாரைக் கண்டாலும் “பாத்து, பாத்து” என்பார். அதனால் வந்த பெயர். படியிறங்குகிறவனுக்கும் பாத்து, தண்ணீர் குடிக்கிறவனுக்கும் பாத்து. ஒருமுறை முதலாளி காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருக்கும்போது ஜன்னல் வழியாகக் கையை நீட்டி, “பாத்து சார், தூணு!” என்று அவர் போட்ட சத்தத்தில் முதலாளி பயந்துபோய்த் தூணிலேயே இடித்தார். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தோம். அக்காவும் எங்களோடு சேர்ந்து சிரித்தார்.

அவருடைய வேலை என்னவென்று சொல்லிவிட வேண்டும். கோதுமைத் தொட்டிகள் நாலு மாடி உயரம். ஈரம் ஏறினால் உள்ளே கோதுமை சுவரோடு ஒட்டிக் கல்லாகிவிடும். ஆள் இறங்கிக் கம்பியால் குத்தி உடைக்க வேண்டும். தொட்டியின் அடியில் ஒரு பெரிய இரும்புத் திருகு உண்டு. நேரக் கணக்குப்படி அது தானாகவே சுற்றும். சுற்றினால் கோதுமை கீழே இறங்கும், அதன்மேல் நிற்கிற ஆளும் சேர்ந்து இறங்குவார். அதனால் ஆள் இறங்கும் முன்னால் மின்பணியாளர் அந்தத் திருகின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போட வேண்டும். பூட்டுப் போட்டாகிவிட்டது என்று உறுதி செய்துகொண்டு அக்கா சீட்டில் கையெழுத்துப் போடுவார். அந்தச் சீட்டு கையில் இல்லாமல் யாரும் இறங்க முடியாது.

முன்பெல்லாம் அக்கா தானே எழுந்து சுவிட்ச் அறைவரை நடந்துபோய், பூட்டைக் கையால் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வருவார். பிறகு அதற்கென்று ஒரு செயலி வந்தது. மின்பணியாளர் பூட்டியதைத் தன் கணினியில் பதிவார். அது சர்வருக்குப் போகும். அக்காவின் திரையில் அந்தத் தொட்டிக்குப் பக்கத்தில் பச்சையாகப் ‘பூட்டியது’ என்று வரும். இனிமேல் நாற்காலியை விட்டு எழ வேண்டியதில்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார். அக்காவுக்கு மனசு ஒப்பவில்லை.

“திரையில பச்சையா இருந்தா, அங்க நிஜமாவே பூட்டு தொங்குதுன்னு அர்த்தமா தம்பி?” என்று என்னிடம் கேட்டார்.

“கண்ணால பாக்கிறதைவிட நிச்சயம்க்கா. என்னை நம்புங்க” என்றேன்.

நம்பினார்.

இனி என் தொழில் சமாசாரம் கொஞ்சம். சலிப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். செயலி சர்வரைக் கூப்பிடும்போது, சர்வர் தன் பெயர் போட்ட ஒரு சான்றிதழை நீட்டும். அதிலிருப்பது தான் கூப்பிட்ட பெயர்தானா, அந்தச் சான்றிதழைக் கொடுத்தவர் தனக்குத் தெரிந்தவர்தானா என்று செயலி பார்க்கும். இரண்டில் ஒன்று உதைத்தாலும் திரையில் ஒரு மஞ்சள் பெட்டி வந்து நிற்கும். ‘இந்த சர்வர் யாரென்று உறுதிசெய்ய முடியவில்லை. தொடரலாமா?’ கீழே ஆம், இல்லை என்று இரண்டு பொத்தான்.

எங்கள் சான்றிதழ்களை வெளியார் யாரும் கொடுக்கவில்லை. ஆலையே கொடுத்தது, அதாவது நான். அதனால் நான் நம்பத் தகுந்தவன் என்று ஒவ்வொரு கணினியிலும் பதிந்து வைக்க வேண்டும். வைத்தேன். உலாவியில் அந்த சர்வரைத் திறந்தால் ஒரு முணுமுணுப்பும் இல்லை. அதையே செயலியில் திறந்தால் மஞ்சள் பெட்டி. மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். மூன்று நாள் கழித்துத்தான் பிடிபட்டது: அந்தச் செயலி கணினியின் நம்பிக்கைப் பட்டியலைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, தனக்கென்று தனியாக ஒன்று வைத்திருக்கிறது. அதிலும் என்னைச் சேர்த்தேன். பெட்டி நின்றது. அடுத்த மாதம் செயலிக்குப் புதுப் பதிப்பு வந்தது. வந்த கையோடு பழைய பட்டியலை அழித்துவிட்டுத் தன் பட்டியலைப் போட்டுக்கொண்டது. முப்பத்தொரு கணினியிலும் மறுபடி மஞ்சள். மாதா மாதம் இதே கூத்து.

ஒவ்வொரு பதிப்புக்குப் பிறகும் பட்டியலைத் தானாகச் சரிசெய்கிற மாதிரி ஒரு சின்ன ஏற்பாடு செய்திருக்கலாம். ஒரு முழு நாள் உட்கார்ந்தால் முடிகிற வேலை அது. அந்த ஒரு நாளை நான் எடுத்துக்கொள்ளவில்லை. தலைக்கு மேல் வேலை என்று சொல்லிக்கொண்டேன், உண்மையில் சோம்பேறித்தனம். அதற்குப் பதிலாக ஒரு தாள் அச்சடித்தேன். ‘மஞ்சள் பெட்டி வந்தால் பயப்பட வேண்டாம். ஆம் என்பதை அழுத்தவும்.’ எல்லாக் கணினிக்கும் மேலே சுவரில் ஒட்டினேன். ஒரு வாரத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. பெட்டி வந்ததா என்று கேட்டால் எந்தப் பெட்டி என்று திருப்பிக் கேட்கிற அளவுக்குப் பழகிவிட்டது.

அக்கா மட்டும் அந்தத் தாளைத் தன் அறையில் ஒட்ட விடவில்லை. “என்ன தம்பி இது? வந்திருக்கிறது யாருன்னே தெரியலன்னு அதுவே சொல்லுது, நீங்க கதவைத் திறந்து விடுங்கிறீங்க?” என்றார். அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் எனக்குப் போன் வரும்.

“தம்பி, பெட்டி வந்திருக்கு. அழுத்தலாமா?”

“எப்பவும் வர்றதுதான்க்கா.”

“எப்பவும் வர்றதுதானான்னு பாக்கணும்ல? இருங்க, படிக்கிறேன்.”

படிப்பார். சர்வரின் பெயர், கொடுத்தவர் பெயர், தேதி, கமா, முற்றுப்புள்ளி எல்லாவற்றையும். நான் சாப்பாட்டுக் கையோடு காதில் போனை இடுக்கிக்கொண்டு ம், ம் என்று கேட்டுக்கொண்டிருப்பேன். நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை. எரிச்சலாக வரும். அந்தப் பெட்டியை எதற்காகச் செய்தார்களோ அதற்காக அதைப் பயன்படுத்தியது ஆலையிலேயே அவர் ஒருவர்தான் என்பது எனக்கு அப்போதும் தெரியும். தெரிந்துதான் எரிச்சல் வந்தது.

ஒரு புதன்கிழமை ஏழாவது போனை வைத்த பிறகு, அக்கா சாப்பிடப் போகும் நேரம் பார்த்து அனுமதி அறைக்குப் போனேன். செயலியின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி உண்டு: சான்றிதழைச் சரிபார், ஆம். அதை ‘இல்லை’ என்று மாற்றினேன். இனிமேல் அந்தக் கணினி யாரையும் யார் நீ என்று கேட்காது. எந்த சர்வர் வந்து நின்றாலும் வாங்க என்று உட்காரவைத்துவிடும். முப்பத்தொன்றில் அந்த ஒரு கணினியில் மட்டும் செய்தேன், அவர் ஒருவர்தானே என்னைத் தொந்தரவு செய்தவர்.

“சரிபண்ணிட்டேன்க்கா. இனிமே பெட்டி வராது.”

“அப்பாடா. நல்லா இருப்பீங்க தம்பி.” நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: “அப்போ, இனிமே பெட்டி வந்தா நிஜமாவே ஏதோ தப்புன்னு வச்சுக்கலாமா?”

“ஆமாக்கா.”

தண்ணீர் வேண்டாம் ஐயா, சொல்லி முடித்துவிடுகிறேன்.

இறந்தவரை ஆலையில் நெட்டை என்போம். தொட்டிக்குள் இறங்குகிற குழுவில் இருந்தார். அக்காவின் ஒரே மகளைக் கட்டியவர் அவர்தான். சீட்டு வாங்க வரும்போதெல்லாம் வாசற்படியில் தலை இடிக்காமல் குனிந்து வருவார். “பாத்து மாப்ளே” என்று அக்கா சொல்வார். “அத்தை, நான் கோதுமைக்குள்ளதான் இறங்குறேன், கடலுக்குள்ள இல்ல” என்பார் அவர். தினமும் இதே பேச்சு, தினமும் இருவரும் சிரிப்பார்கள். அப்போது மகளுக்கு ஐந்தாம் மாதம்.

எங்கள் இரண்டாவது சர்வர் பயிற்சிக்காக வைத்திருந்தது. அசலைப் போலவே இருக்கும், ஆனால் அதில் பூட்டுவதும் திறப்பதும் விளையாட்டுக்குத்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை புதியவர்களுக்குப் பயிற்சி வைத்தார்கள். செயலிகள் கூப்பிடுகிற முகவரியை அன்று ஒரு நாளைக்குப் பயிற்சி சர்வருக்குத் திருப்பிவிட்டேன். மாலையில் பழையபடி மாற்றியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன். மறதி யாருக்கும் வரும். அதை அப்போதே ஒப்புக்கொண்டும் விட்டேன், கோப்பில் இருக்கிறது.

திங்கட்கிழமை காலை முப்பது கணினியில் மஞ்சள் பெட்டி வந்தது. அன்று வந்த பெட்டி வழக்கமானது இல்லை. ‘நீங்கள் கூப்பிட்ட பெயர் வேறு, வந்திருக்கும் சர்வரின் பெயர் பயிற்சி’ என்று தெளிவாக எழுதியிருந்தது. முப்பது பேரும் என் தாளில் சொன்னபடி ஆம் என்று அழுத்தினார்கள். அனுமதி அறையில் எந்தப் பெட்டியும் வரவில்லை. அக்காவின் திரையில் நாலாம் தொட்டி பச்சையாக இருந்தது. முந்தின நாள் பயிற்சியில் யாரோ பூட்டி விளையாடிவிட்டு அப்படியே விட்டுப் போயிருந்தார்கள். நிஜப் பூட்டைப் போட வேண்டிய மின்பணியாளர் அந்த நேரம் இரண்டாம் தொட்டிப் பக்கம் இருந்தார். ஒன்பது இருபதுக்கு அக்கா சீட்டில் கையெழுத்துப் போட்டு, பாத்து என்று சொல்லி மாப்பிள்ளையிடம் கொடுத்தார். ஒன்பது நாற்பதுக்குத் திருகு சுற்றத் தொடங்கியது.

அலறல் கேட்டு எல்லோரும் தொட்டிப் பக்கம் ஓடினார்கள். அக்கா செருப்புக்கூட இல்லாமல் ஓடினார். நான் எதிர்ப் பக்கமாக நடந்தேன். ஓடவில்லை, நடந்தேன், ஓடினால் யாராவது பார்ப்பார்கள் என்று தோன்றியது. முதலில் சர்வர் அறையில் முகவரியை மாற்றினேன். பிறகு அனுமதி அறை. மேசையில் அக்காவின் கண்ணாடி கவிழ்ந்து கிடந்தது. நாற்காலியில் இன்னும் சூடு இருந்தது. அதில் உட்கார்ந்து அந்த ஒரு வரியை ‘இல்லை’யிலிருந்து ‘ஆம்’ என்று மாற்றினேன். திரும்பும் வழியில் சுவர்களில் இருந்த தாள்களைக் கிழித்துச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டேன். அதற்குள் வெளியே ஏணி, கயிறு என்று கத்திக்கொண்டிருந்தார்கள். தூக்க ஆள் போதவில்லை என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

விசாரணையில் நான் சொன்னது இதுதான்: “முகவரி மாறியது என் தவறு. ஆனால் கணினி எச்சரித்தது. பெட்டி எல்லோருக்கும் வந்தது.” அக்காவின் கணினியிலேயே செய்து காட்டச் சொன்னார்கள். முகவரியைப் பயிற்சி சர்வருக்குத் திருப்பினேன். பெட்டி சமர்த்தாக வந்து நின்றது. மற்ற முப்பது பேரும் தாங்கள் அழுத்தியதை ஒப்புக்கொண்டார்கள், தாளைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. தாளைப் பார்த்து அழுத்தினோம் என்று சொன்னால் பெட்டியைப் படிக்கவில்லை என்றும் சொல்ல வேண்டும் அல்லவா? கையெழுத்து ஒருவருடையது மட்டும்தான் என்பதில் எல்லோருக்கும் ஒரு நிம்மதி.

முதல் நாள் அக்கா, “எனக்குப் பெட்டி வரல ஐயா. வந்திருந்தா தம்பிக்குப் போன் பண்ணியிருப்பேன்” என்றார். இரண்டாம் நாள், வந்ததாக ஞாபகம் இல்லை என்றார். அன்று மாலை தாழ்வாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, நீங்களே சொல்லுங்க. உங்களுக்குத் தெரியாததா? வந்திருக்குமா?” என்று கேட்டார்.

“வந்திருக்கும்க்கா” என்றேன்.

மூன்றாம் நாள் வந்திருக்கலாம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். வேலை போனது. மகள் பேச்சை நிறுத்திவிட்டாள். “கையெழுத்து உன்னோடதுதானேம்மா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம், அவ்வளவுதான்.

இதுவரை சொன்னதற்காக மட்டும் நான் வெட்கப்பட்டிருந்தால் ஒருவேளை தாங்கிக்கொண்டு இருந்திருப்பேன். அடுத்ததைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

ஆறு மாதம் கழித்து அக்கா என் வீட்டுக்கு வந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். உட்கார்ந்ததும், “நான் அழுத்தினது எனக்கு ஞாபகமே வரமாட்டேங்குது தம்பி. பொண்ணுகிட்டப் போய் மன்னிப்புக் கேக்கணும். ஞாபகம் இல்லாம கேட்டா அது பொய்யா கேட்ட மாதிரி இருக்கும்ல?” என்றார்.

என் மனைவி அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் மடிக்கணினியைத் திறந்து, அந்தச் செயலியை ஓட்டி, மஞ்சள் பெட்டியை வரவழைத்து அவர் முன்னால் வைத்தேன். “இதுதான்க்கா. அழுத்திப் பாருங்க, ஞாபகம் வரும்.” அழுத்தினார். வரவில்லை. மறுபடி வரவழைத்தேன். மறுபடி அழுத்தினார். அவசரமான நேரம் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். எதிரில் யாரோ சீட்டுக்குக் காத்து நிற்கிற மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். எட்டாவது தடவையோ ஒன்பதாவது தடவையோ விரலைப் பொத்தானிலேயே வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“ஆமா. ஆமா தம்பி! இப்படித்தான் வந்துச்சு. மாப்ளே கையை நீட்டிக்கிட்டு நின்னாரு. படிக்காம அழுத்திட்டேன். ஐயோ, படிக்காம அழுத்திட்டேனே!”

என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதார். நீங்கள் இல்லாவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது என்றார். போகும்போது முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. நான் அவருக்கு உதவி செய்ததாகவே வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன் ஐயா. அவருக்கு அந்தப் பெட்டி வந்தே இருக்காது என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் நான். நடக்காத ஒன்றை அவர் தலைக்குள் நான்தான் கொண்டுபோய் வைத்தேன். நேராக மகள் வீட்டுக்குப் போய், நான் படிக்காமல் அழுத்தினேன், ஞாபகம் வந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். அதுவரை மகளுக்கு மூலையில் ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது, அம்மா அப்படிச் செய்கிறவள் இல்லையே என்று. அன்றோடு அதுவும் போயிற்று. கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் குழந்தைக்கு இப்போது மூன்றரை வயது, அக்கா அதை இன்னும் தூக்கவில்லை.

இப்போதெல்லாம் அக்காவுக்குத் தன் கண்மேலேயே நம்பிக்கை இல்லை. கைப்பேசியில் எது எட்டிப் பார்த்தாலும் எனக்குத்தான் போன். “தம்பி, ஏதோ பெட்டி வந்திருக்கு. அழுத்தலாமா?” நான் ஒரு தடவைகூட எரிந்து விழுந்ததில்லை. அதை ஒரு பிராயச்சித்தம்போலவே நினைத்துச் செய்துவந்தேன்.

ஏன் இப்போது வந்தாய் என்று கேட்கிறீர்கள். மனசாட்சி என்று சொல்லத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். வியாழக்கிழமை ஆலைக்கு இன்னொரு கணினிக்காரர் வந்து சேர்ந்தார், என்னைவிட வயதில் மூத்தவர், நிதானமான ஆள். பழைய கணினிகளை மாற்றுவதற்காக ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். “இந்தச் செயலி அமைப்புக் கோப்பை மாத்துறப்பல்லாம் பழசை ஒரு நகல் எடுத்து வச்சுக்குது, தெரியுமா?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது. சரிபார்ப்பு ‘இல்லை’ என்றிருந்த நகல் அனுமதி அறைக் கணினியில் இருந்தது, மாற்றிய தேதியோடும் நேரத்தோடும். விபத்து நடந்த நாள், ஒன்பது ஐம்பத்தொன்று. “இந்த நேரத்துல யாருங்க இதை மாத்தியிருப்பாங்க?” என்றார். ஞாபகம் இல்லை என்றேன். அவர் அதைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார்.

ஆகவே மேலே எழுதியதை அடித்துவிடுங்கள், நானாக வரவில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்: பெட்டியை வராமல் செய்தது நான். வந்தது என்று சொன்னது நான். வந்ததாக அவரையே நம்பவைத்ததும் நான். அக்கா எதையும் அழுத்தவில்லை. மகளிடம் யாராவது இதைப் போய்ச் சொல்ல வேண்டும். எனக்கு அந்த வாசலில் நிற்க முகம் இல்லை.

கையெழுத்து எங்கே போட வேண்டும்?

காலையில் பேருந்தில் வந்துகொண்டிருக்கும்போது அக்கா போன் செய்தார். “தம்பி, ஏதோ பெட்டி வந்திருக்கு. அழுத்தலாமா?” உங்களிடம் எதை முதலில் சொல்வது, எதை விடுவது என்று எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. “அழுத்துங்கக்கா” என்றேன். “சரி தம்பி. பாத்துப் போங்க” என்று வைத்துவிட்டார்.

என்ன பெட்டி என்று நான் கேட்கவில்லை ஐயா.